பதினோரு சால்வையும் ஒரு ரப்பர் புஷ்ஷும்

எங்கள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் நேற்று முன்தினம் கேட்டாள். "அக்கா, எங்க எதிர்வீட்டுப் பாட்டிக்கு அடுத்த வாரம் 95 முடியுது. ஐந்நூறு ரூபாய்க்குள்ள என்ன வாங்கலாம்?" அவளே கைப்பேசியில் தேடியும் வைத்திருந்தாள். புகைப்படம் அச்சடித்த காபிக் கோப்பை, பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் தாமரை, 'உலகிலேயே சிறந்த பாட்டி' என்று எழுதிய தலையணை. அந்தப் பாட்டிக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கிறதாம், தலையணையே வைத்துக்கொள்வதில்லையாம். இதையும் அவளேதான் சொன்னாள்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். வில்லிவாக்கத்தில் நாங்கள் இருக்கும் ஃப்ளாட்டில் தரைத்தளத்தில் ஒரு தாத்தா இருக்கிறார். வயது 92. ஐசிஎஃப்பில், அதாவது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், ஃபிட்டராக இருந்தவர். 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு வந்து திறந்துவைத்த தொழிற்சாலை அது. இவர் அடுத்த இரண்டு வருடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அப்போதெல்லாம் ஓய்வு வயது 58, ஆகவே 1991இல் வெளியே வந்தாயிற்று. ஆனாலும் டிவியில் வந்தே பாரத் ஓடினால் "எங்க ஷாப்புல செஞ்சது" என்பார். அது வெளிவந்தது 2018இல். இவர் வீட்டுக்கு வந்து இருபத்தேழு வருடம் கழித்து. யாரும் திருத்துவதில்லை.

அவருடைய 90ஆவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு சால்வை. மே மாதம். சென்னை. கத்திரி வெயில். கடைக்காரர் "பெரியவங்களுக்கு இதுதான் மேடம் மரியாதை" என்றார், நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன். தாத்தா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, மருமகளிடம் கொடுத்தார். அந்த அக்கா பீரோவைத் திறந்தார். உள்ளே அந்துருண்டை வாசனையோடு சால்வை மேல் சால்வை. என்னுடையது பதினோராவது. தாத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, என்னைப் பாத்தா வட்டச் செயலாளர் மாதிரியா இருக்கு? வர்றவன்லாம் போத்திட்டுப் போறான்" என்றார்.

குழந்தை, கர்ப்பிணி, பெரியவர் இவர்களை வெறுங்கையோடு பார்க்கப் போகக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒரு கிலோ ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ், ஒரு பெட்டி ஸ்வீட். ஆப்பிளைக் கடிக்கப் பல் வேண்டும். ஸ்வீட்டைத் தின்ன உடம்பில் சர்க்கரை இல்லாமல் இருக்க வேண்டும். கடைசியில் ஆப்பிள் பேரனுக்கும் ஸ்வீட் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் போகிறது. அவர்களாவது சாப்பிடட்டும், சரி. ஆனால் நாம் பார்க்கப் போனது அவர்களை இல்லையே.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. மிகவும் வயதானவர்களுக்கு, குறிப்பாக நம் மாதிரி ஃப்ளாட்டுகளில் இருப்பவர்களுக்கு, பெரும்பாலும் பணம் பிரச்சினை இல்லை. எங்கள் தாத்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஓய்வூதியத்தில் 80 வயதானால் இருபது சதவீதம் கூடுதல், 85இல் முப்பது, 90இல் நாற்பது, 100ஐத் தொட்டால் அடிப்படை ஓய்வூதியம் அப்படியே இரட்டிப்பு. "வேலை செய்யாம இருக்க இருக்க இன்க்ரிமென்ட் குடுக்கிற கம்பெனி" என்று அவரே கேலி பண்ணுவார். அவரிடம் இல்லாதது, முப்பது ரூபாய்ச் சாமான் ஒன்றை வாங்கிவர ஒரு ஜோடிக் கால். மகனுக்கே 66 வயது, முட்டிவலி. மருமகளுக்கு வீட்டு வேலையே சரியாக இருக்கிறது. இந்தச் சின்ன விஷயத்துக்குப் போய் அவர்களை அலையவிடுவதா என்று கேட்காமலே இருந்துவிடுவார். கேட்காமல் விட்ட சாமான்கள் ஒவ்வொரு பெரியவரின் கட்டிலைச் சுற்றியும் ஐந்தாறு இருக்கும். அதில் ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கிக் கொடுத்தால், அதுதான் பரிசு. மற்றதெல்லாம் பீரோவுக்குப் போகும்.

நான் இதைப் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை, காதால் கண்டுபிடித்தேன். தாத்தா தினமும் காலை ஆறரைக்கு வராந்தாவில் நாலு நடை நடப்பார். அலுமினியக் கைத்தடி. 'தொப், தொப்' என்று சத்தம் வரும். ஒருநாள் அது 'டிங், டிங்' என்று கேட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கீழே போய்த் தடியைத் தூக்கிப் பார்த்தால், அடி ரப்பர் தேய்ந்து, நடுவில் ஓட்டை விழுந்து, அலுமினியக் குழாயின் விளிம்பு வெளியே வந்திருந்தது. எங்கள் வராந்தா முழுக்க வழவழ டைல்ஸ். காலையில் துடைத்த ஈரமும் இருக்கும். அந்த வயதில் இடுப்பெலும்பு போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"தாத்தா, இது தேஞ்சிருக்கே?"

"தெரியும்மா. ஆறு மாசமா தெரியும்."

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு சர்ஜிகல் கடைக்குப் போனேன். கைத்தடிக்கு ரப்பர் புஷ் என்றதும் கடைக்காரர் "எத்தனை எம்எம்?" என்றார். எனக்கு என்ன தெரியும்? கண்ணளவில் ஒன்றைக் காட்டி வாங்கி வந்தேன். மொத்தமே ஐம்பது ரூபாய்க்குள்தான். தாத்தா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றவில்லை. கட்டைவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். "இது இருபத்திரெண்டு. நம்முது பத்தொன்பது" என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷம். "பாத்தா ஒண்ணுபோலத்தானே இருக்கு?" என்றேன். கட்டில் அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். உள்ளே வெர்னியர் காலிப்பர், எண்ணெய் தடவிய துணியில் சுற்றி. குழாயை அளந்தார், புஷ்ஷின் உள்விட்டத்தை அளந்தார், அளவுக்கோட்டில் நகத்தை வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாதவர் கை நடுங்காமல் பிடித்திருந்தார். பிறகு ஃபோர்மேன் குரலில், "பில் இருக்கா? போய் மாத்திட்டு வா" என்றார்.

போனேன். 43 வயதில் ஒரு அப்ரென்டிஸ்.

மறுநாள் பத்தொன்பது எம்எம் வந்தது. நான் தடியைக் கவிழ்த்துச் சுத்தியலைத் தேடினேன். "அடிச்சு ஏத்தினா கிழிஞ்சிடும். சோப்புத் தண்ணியில முக்கித் திருகு" என்றார். திருகினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. துடைத்துக் காயவைத்துக் கொடுத்ததும் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். தொப், தொப். பழையதைக் குப்பையில் போடப் போனேன், விடவில்லை. அதை அறுத்து எங்கள் வீட்டு ஆடும் ஸ்டூலின் காலுக்கு ஒட்டிக் கொடுத்தார். இரண்டு வருடமாக அந்த ஸ்டூல் ஆடவில்லை.

அப்புறம் காது மெஷின் கதை. தாத்தாவுக்குச் சில மாதமாகப் பேச்சில் பிடிப்பு விட்டுப்போய்விட்டது, எதைக் கேட்டாலும் சிரித்துவைப்பார். வயசாச்சு, ஒடுங்கிட்டார் என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம். மெஷின் காதில் இல்லை, சட்டைப் பையில் இருந்தது. மகன் பேசினால் மட்டும் எடுத்து மாட்டுவார். ஏன் என்றால், பேட்டரி மிச்சம் பிடிக்கிறாராம்! அந்தக் குட்டி பேட்டரிகளுக்கு அளவைச் சொல்ல எண்ணும், மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தில் நிறமும் உண்டு. 10 என்றால் மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். பழைய அட்டையின் நிறத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் கடையில் திண்டாட வேண்டாம். இன்னொன்று, இவை காற்று பட்டால் வேலை செய்கிறவை. காகிதத்தை உரித்து ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். ஒருமுறை உரித்துவிட்டால் மறுபடி ஒட்டி மிச்சம் பிடிக்கவும் முடியாது, அது பாட்டுக்குத் தீர்ந்துகொண்டே இருக்கும். இதைத் தாத்தாவிடம் சொன்னபோது, "அப்ப பையில வெச்சிருந்தது தண்டமா?" என்று கேட்டார். ஒரு அட்டை ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தேன். இப்போது அபார்ட்மென்ட் மீட்டிங்கில் தண்ணீர் லாரிக் கணக்கை இரண்டு தடவை குறுக்கே கேட்கிறார். செயலாளர் என்னைத்தான் முறைக்கிறார்.

சாப்பாட்டுப் பொருள் கொடுப்பதென்றால் முதலில் அந்த வீட்டுப் பெண்ணிடமோ மகனிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இளநீர் யாருக்கும் நல்லது என்று நினைப்போம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதில் இருக்கும் பொட்டாசியம் ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குக் கட்டுக்கட்டாகக் கீரை கொண்டுபோய்க் கொடுப்பதும் அப்படித்தான், மாத்திரைக் கணக்கு குழம்பும். கேட்டுவிட்டுக் கொடுக்கலாமென்றால், சித்திரை வைகாசியில் நுங்கைத் தாண்டி ஒன்றுமில்லை என்பேன். பல் வேண்டாம். தோலை நாமே உரித்துக் கொடுத்துவிட வேண்டும். வில்லிவாக்கம் மார்க்கெட் பக்கம் சீசனில் வண்டியில் குவித்து வைத்திருப்பார்கள். முற்றாததாகப் பார்த்து வாங்குங்கள், கல் மாதிரி இருந்தால் திட்டு உங்களுக்குத்தான்.

வீட்டில் செய்ததைக் கொடுத்தால், தயவுசெய்து பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்து "திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். நல்ல பாத்திரத்தில் கொடுங்கள், அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று வாழ்ந்த தலைமுறை அது. என் எவர்சில்வர் கிண்ணம் ஒருமுறை ஒரு கரண்டி சர்க்கரையோடு திரும்பியது, ஒருமுறை நாலு மாரி பிஸ்கட்டோடு, ஒருமுறை எட்டு எம்எம் போல்ட் நட்டு ஒரு செட். எங்கள் கேட் தாழ்ப்பாளில் ஒன்று குறைவதை அவர் நடைப்பயிற்சியில் கவனித்திருக்கிறார். வாங்கிக்கொண்டே இருப்பது ஒரு மனிதருக்கு எவ்வளவு அலுப்பு என்று நமக்கு அந்த வயது வரும்போதுதான் தெரியும்போல.

வருடா வருடம் நான் தவறாமல் கொடுப்பது நாள்காட்டி, அதுவும் பெரிய எண் போட்ட தினசரிக் காலண்டர். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருடத்துக்கான ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். நமக்குக் கைக்கு வர டிசம்பர் ஆகும். காலையில் எழுந்து தாள் கிழிப்பது அந்த வீட்டில் தாத்தா மட்டுமே செய்யும் வேலை. பேரன் ஒருநாள் முந்திக்கொண்டு கிழித்துவிட்டான், பெரிய ரகளை.

சரி, அந்தப் பெண் கதைக்கு வருகிறேன். அவளிடம் நான் சொன்னது இதுதான். எதையும் வாங்காதே, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாட்டியோடு அரை மணி நேரம் உட்கார். கை எட்டும் தூரத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார். எதில் நூல் கட்டியிருக்கிறது, எதில் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது, எதைப் பேப்பர் மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறது என்று பார். அவளுக்கு அரைமனசுதான்.

இன்று காலை பேருந்திலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, பாட்டி வீட்டுக்குள்ள போடற செருப்புல வார் அறுந்து ஊக்கு குத்தி வெச்சிருக்காங்க. எத்தனை நாளாவோ."

சாயங்காலம் வராந்தாவில் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். மெஷினைக் காதில் சரிசெய்துகொண்டு முழுசாகக் கேட்டார்.

"அளவு எடுத்தாளாமா?" என்றார்.