கழுகு ஒன்றுதான், மாமா

நேற்று ஜூன் 16, இங்கே தென்னாப்பிரிக்காவில் விடுமுறை. டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில் வாட்ஸ்ஆப் குழுவில் வழக்கமாகக் காவடிக்கு யார் யார் விரதம், அன்னதானத்துக்கு எத்தனை கிலோ பருப்பு என்பதைத் தாண்டிப் பேச்சு போகாது. நேற்று காலை, நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் அந்தப் படத்தை அனுப்பியிருந்தார். பட்டினியில் சுருண்டு கிடக்கும் குழந்தை, பின்னால் காத்திருக்கும் கழுகு. கூடவே கதை: எடுத்தவருக்குப் பெரிய பரிசு கிடைத்ததாம். யாரோ ஒருவர் தொலைபேசியில், "அங்கே இருந்தது இரண்டு கழுகு, ஒன்றின் கையில் கேமரா" என்றாராம். அந்த வார்த்தை தாங்காமல் அவர் உயிரை விட்டுவிட்டாராம். கீழே மனிதநேயம் பற்றி நாலு வரி, கைகூப்பும் பொம்மை பத்து.

இதே கதை எனக்கு வருவது இது ஆறாவது முறையாவது இருக்கும். தமிழ்நாட்டில் இருந்து வந்தால் பேசாமல் விட்டுவிடுவேன். படத்தை எடுத்த கெவின் கார்ட்டர் நம் நாட்டுக்காரர். நாமே இதைப் பரப்புவதுதான் எரிச்சல்.

1993 மார்ச்சில் சூடானின் தென்பகுதியில் அயோட் என்ற ஊரில் எடுத்த படம் அது. உணவு கொடுக்கும் மையம் பக்கத்திலேயே இருந்தது. உடன் போன இன்னொரு புகைப்படக்காரர் ஜோவாவோ சில்வா சொன்னது இது: விமானம் வந்து இறங்கியதும் பெற்றவர்கள் பிள்ளையைச் சற்று கீழே விட்டுவிட்டு உணவு வாங்க ஓடினார்கள். படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள், பிள்ளையின் கையில் ஒரு வளையம் தெரியும். மையத்தில் பெயர் பதிந்தவர்களுக்குக் கட்டுவது அது. அனாதையாக விடப்பட்ட குழந்தைக்கு அதை யார் கட்டியிருப்பார்கள்? கழுகை விரட்டிவிட்டதாகக் கார்ட்டரே சொன்னார். 2011இல் ஒரு ஸ்பானியப் பத்திரிகையாளர் அயோட் வரை போய்க் குடும்பத்தைத் தேடிப் பிடித்தார். அது ஆண் பிள்ளை, பஞ்சத்தில் பிழைத்து வளர்ந்தவன். பல ஆண்டு கழித்துத்தான் காய்ச்சலில் இறந்தான்.

"இன்னொரு கழுகு" என்ற வசை மட்டும் உண்மை. ஒரு அமெரிக்கப் பத்திரிகை அப்படித்தான் எழுதியது. அந்தத் தொலைபேசியும், ஒரே வார்த்தையில் போன உயிரும் பின்னால் யாரோ ஒட்டவைத்தவை.

1994 ஏப்ரலில் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு அறிவித்தார்கள். அதே மாதம் 18ஆம் தேதி, எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தொகோசாவில் துப்பாக்கிச் சண்டையில் அவருடைய நெருங்கிய நண்பர் கென் ஊஸ்டர்புரூக் குண்டடிபட்டு இறந்தார். அன்று கார்ட்டரும் முதலில் அங்கே இருந்தவர்தான், சற்று முன்னால் கிளம்பிவிட்டார். அந்த ஏப்ரல் எப்படி இருந்தது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டர்பனில் எங்கள் வீட்டில் அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கி அடுக்கியிருந்தோம். அந்த நேரத்தில் இந்தப் புகைப்படக்காரர்கள் நாள்தோறும் குண்டுக்கு நடுவே நின்றவர்கள். ஜூலை 27 அன்று கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டார். வயது 33. விட்டுப் போன கடிதத்தில் கடன் இருந்தது, கண்ணை விட்டு அகலாத கொலைகளும் பிணங்களும் இருந்தன, கென்னின் பெயர் இருந்தது. இவ்வளவையும் ஒரு பஞ்ச் வசனத்தில் அடக்கினால் படிப்பவருக்கு வசதிதான். தப்பு செய்தவன் தண்டனை பெற்றான் என்று நிம்மதியாக அடுத்த படத்துக்குப் போகலாம்.

மாமா, ஜூன் 16க்குப் படம் வேண்டுமென்றால் நம்மிடம் வேறொன்று இருக்கிறதே. 1976, ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பர் குடியிருப்பான சொவெட்டோ. வெள்ளை ஆட்சியாளர்களின் ஆஃப்ரிகான்ஸ் மொழியைப் பள்ளியில் திணித்ததை எதிர்த்து ஊர்வலம் போன பிள்ளைகள் மேல் போலீஸ் சுட்டது. குண்டடிபட்டுச் சுருண்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை ஒரு இளைஞன் ஏந்தி ஓடுகிறான், பக்கத்தில் அக்கா அலறிக்கொண்டு ஓடுகிறாள். எடுத்தவர் 'தி வேர்ல்ட்' பத்திரிகையின் சாம் நிசிமா. ஃபிலிமைச் சாக்ஸுக்குள் ஒளித்துக் காப்பாற்றினார். அவர்கள் எதை நோக்கி ஓடுகிறார்கள் என்பது படத்தில் இல்லை. பத்திரிகைக்காரர்கள் வந்த கார், ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அதில்தான் பையனை மருத்துவ மையத்துக்குக் கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை. ஆனாலும் கார் இருந்தது. அந்தக் காரைப் பற்றி எவரும் ஃபார்வர்டு எழுதுவதில்லை.

நிசிமாவுக்கு அந்த ஒரு படத்தோடு தொழிலே போயிற்று. போலீஸ் தொல்லை தாங்காமல் ஜோகன்னஸ்பர்கை விட்டு லில்லிடேல் என்ற ஊருக்குப் போய்விட்டார். படத்தின் உரிமை அவர் கைக்கு வர 1998 ஆயிற்று.

இதையெல்லாம் குழுவில் எழுதிப் போட்டேன், கொஞ்சம் சூடாகவே. யாரோ ஒரு கட்டைவிரல் வைத்தார்கள். பருப்புக் கணக்கு மறுபடி தொடங்கிவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு மாமாவிடம் இருந்து தனியாக ஒரு குரல் செய்தி. "தம்பி, நீ சொன்னது சரி, அதை அழித்துட்டேன். அந்தப் பையனைத் தூக்கிட்டு ஓடினானே, அவன் என்னப்பா ஆனான்?"

அவன் பெயர் எம்புயிசா மகூபு என்று எழுதினேன். அப்போது 18 வயது. போலீஸ் தேடியதால் நாட்டை விட்டு ஓடினான். 1978இல் நைஜீரியாவில் இருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டான். அதற்கு அப்புறம் கடிதம் வரவில்லை. அம்மா 2004 வரை இருந்தார்.

இரண்டு நீல டிக் விழுந்தது. மாமா பதில் எதுவும் போடவில்லை.