வாட்சைக் கட்டும் முன் மாத்திரையைக் கேளுங்கள்

அண்ணனுக்கு வயது 52. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நாள் முழுவதும் குனிந்த வேலை. எட்டு மாதங்களுக்கு முன் நாங்கள் இருவரும் சேலத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தோம். அந்த வாரமே ஸ்மார்ட் வாட்ச் ஒன்றும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பயிற்சியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 220-இல் வயதைக் கழித்தால் 168; அந்த வயதில் இதயம் நிமிடத்துக்குத் துடிக்கக்கூடிய உச்ச அளவாம் அது. அதில் 80 சதவீதம் 134. டிரெட்மில்லில் நாடித்துடிப்பு அந்த எண்ணைத் தொட வேண்டும். அண்ணனுக்கோ எவ்வளவு மூச்சு வாங்கினாலும் வாட்ச் 112-ஐத் தாண்டவில்லை. "நீங்கள் முழு மனதோடு ஓடவில்லை" என்று சொல்லிப் பயிற்சியாளர் சரிவை ஏற்றிவிட்டார். மூன்றாம் நாள் அண்ணன் தலைசுற்றி, கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அவர் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுவது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. இதயத்தின் வேகத்தை மட்டுப்படுத்துவது அதன் இயல்பு. வாட்ச் பொய் சொல்லவில்லை. அந்த உடம்புக்கு 134 என்ற இலக்குதான் பொருந்தாதது. "எண் ஏறவில்லை என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அண்ணன் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

அந்தக் கூடத்தின் சேர்க்கைப் படிவத்தில் உயரம், எடை, கைபேசி எண் எல்லாம் கேட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. என் கோபமெல்லாம் அந்த ஒரு வரியின் மேல்தான். மாத்திரை எதுவும் எடுக்காதவர்களுக்குக்கூட 220 கணக்கு ஒரு சராசரிதான்; ஒரே வயதுக்காரர்களிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடுவதும் குறைவதும் சகஜம்.

எடை தூக்கும்போது வாட்ச் காட்டுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். அடியில் மினுங்கும் பச்சை ஒளி, தோலுக்குக் கீழே ரத்தம் ஓடுவதைப் பார்த்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. டம்பெல்லை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கினால் அந்தக் கணக்குத் தடுமாறும். துல்லியம் வேண்டுமென்றால் மார்புப் பட்டை நல்லது. அது இதயத்தின் மின்துடிப்பை நேரடியாகப் பிடிக்கிறது.

கலோரி எண்ணிக்கை இன்னும் மோசம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் துடிப்பை ஓரளவு சரியாகச் சொல்லின. கலோரியிலோ இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. '500 எரிந்தது' என்று வாட்ச் சொன்னதை நம்பி மாலையில் இரண்டு தட்டுவடை செட் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

வாட்சைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும், படுக்கையிலேயே துடிப்பைப் பார்த்துக் குறித்துவையுங்கள். உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுவதற்கு அது அருமையான கருவி. நான் நாள்தோறும் செய்கிறேன்.

அண்ணனுக்கு மருத்துவர் சொன்ன அளவு வேறு: மூச்சு வாங்கலாம், ஆனால் பேச்சுத் தடைப்படக் கூடாது. இப்போது ஞாயிறுதோறும் ஏற்காடு அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் மெதுவாக நடக்கிறோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் மூன்றோடு திரும்பிவிடுவோம். போன வாரம் நான் இரண்டாவது வளைவிலேயே நின்றுவிட்டேன். "வா கண்ணு, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றவர், வெள்ளி விலை ஏறிய கதையை விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே மேலே நடந்தார்.