கப்பல் பதிவேடுகள் எரிந்துபோகவில்லை

"ஓய்வுபெற்ற அமெரிக்க வெடிமருந்துக் கப்பல்களின் பணி வரலாறு 1973 தீ விபத்தில் எரிந்துவிட்டது, தேடிப் பயனில்லை" என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் எரிந்தவை தரைப்படை, விமானப்படை வீரர்களின் தனிக் கோப்புகள். கப்பல் நாட்குறிப்பேடுகள் வேறு. பழையவை மேரிலாந்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எத்தனை மணிக்கு எந்தக் கப்பல் பக்கத்தில் வந்து நின்றது, எந்தத் திசை, என்ன வேகம் என்று அந்த நேரக் கண்காணிப்புப் பணியிலிருந்த கப்பல் அதிகாரி கையெழுத்திட்டு எழுதியவை அவை.

அப்புறம், 1944 நவம்பர் 10-ல் பசிபிக் கடலில் மனுஸ் தீவருகே வெடித்துச் சிதறிய மவுண்ட் ஹூட் என்ற வெடிமருந்துக் கப்பல் வேறு. 1971-ல் பணியில் சேர்ந்த, அதே பெயர் கொண்ட மவுண்ட் ஹூட் வேறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

ஏடுகளில் சாதாரண மாலுமிகளின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். அதனால் வீட்டிலுள்ள பழைய கடிதங்களையும் புகைப்படங்களையும் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.