செயின் பப்பில் சாப்பிடாதீர்கள், ஏல் குடியுங்கள்

இங்கிலாந்தின் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு செயின் பப், அதாவது ஒரே நிறுவனம் பல ஊர்களில் நடத்தும் மதுக்கடை, நிற்கும். எங்கும் அதே மெனு, மைக்ரோவேவில் சூடாக்கி வரும் பை (pie), துடைக்காத மேசை. ஏமாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கேஸ்க் ஏல் (பீப்பாயிலேயே பதப்பட்டு வரும் பீர்) பல நேரம் நன்றாகவே இருக்கிறது. சமையலில் சிக்கனம் பிடித்தாலும் விற்றுவிடலாம். பீப்பாய்கள் இருக்கும் நிலவறையில் அந்த வேலை ஆகாது, பீர் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கேஸ்க் ஏல் வடிகட்டாமல், பாஸ்டரைஸ் செய்யாமல் வருவது. ஈஸ்ட் உயிரோடு இருக்கும். அது வரும் பீப்பாய்களில் ஒரு ஃபர்கின் என்பது 9 காலன், அதாவது 72 பைன்ட் (பைன்ட் என்பது ஒரு பெரிய கிளாஸ்). பீப்பாயைப் படுக்க வைத்து, மேல் அடைப்பில் ஸ்பைல் என்னும் மென்மர ஆப்பை அடிப்பார்கள். மிதமிஞ்சிய வாயு அதன் வழியே கசிந்து வெளியேறும். நுரைப்பு அடங்கியதும் வாயு விடாத கெட்டி ஸ்பைலுக்கு மாற்றுவார்கள். வண்டல் படிய பெரும்பாலும் ஒரு நாளாவது ஆகும். பொறுக்காமல் விற்கத் தொடங்கினால் கலங்கலாக வரும். நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்.

விற்க விற்க, குறைந்த பீரின் இடத்தில் காற்று புகும். கள்ளைப் போலத்தான், நாள் தாண்டினால் புளிப்பு. அதனால் திறந்த 3 நாளில் பீப்பாய் காலியாவது நல்லது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ஹேண்ட்பம்புக்கு (பீப்பாயிலிருந்து கையால் இழுத்து ஊற்றும் பம்ப்) நாளைக்கு 24 பைன்ட். 10 பம்ப் வைத்தால் 240. செவ்வாய்க்கிழமை மதியம் காலியாகக் கிடக்கும் பப்பில் அதை யார் குடிப்பது? செயின் பப்பில் ஏல் கெடுவதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இந்த ஆசைதான். பம்ப் வரிசை நீள நீளப் பெருமை என்று நினைக்கிறார்கள்.

ஆகவே, பக்கத்து மேசைகளில் எது ஓடுகிறது என்று பார்த்து அதையே கேளுங்கள். பொதுவாக ஆல்கஹால் 4 சதவீதத்துக்குள் இருக்கும் பிட்டர் என்னும் கசப்பு ஏல்தான் வேகமாகத் தீரும். 6 சதவீத ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர் மெதுவாகத்தான் போகும். "இது எப்போது திறந்தது?" என்று கேட்கலாம், கூச்சம் வேண்டாம். ருசி பார்க்க ஒரு வாய் கேட்டாலும் பெரும்பாலும் ஊற்றித் தருவார்கள். கடை திறந்ததும் வரும் முதல் பைன்ட்டைத் தவிர்ப்பது நல்லது. குழாயில் இரவெல்லாம் கிடந்த பீரை இழுத்துக் கொட்டாத கடைகள் உண்டு. கழுவும் இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்த கிளாஸில் ஊற்றினால், வேறு கிளாஸ் கேளுங்கள். நல்ல நிலவறை செய்த வேலையை அந்த ஒரு கிளாஸ் பாழாக்கிவிடும்.

வினிகர் வாசம் வந்தால் ஒரு வாயோடு நிறுத்திவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், பாதி குடித்த பிறகு அல்ல. கலங்கல் மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள், சில ஏல்களை அப்படித்தான் காய்ச்சுகிறார்கள். பம்பில் மாட்டிய பெயர் அட்டையான கிளிப்பைப் பாருங்கள், கவுண்டரில் கேளுங்கள். வினிகர் விஷயத்தில் செயின் பப்களில் பெரும்பாலும் வாதாட மாட்டார்கள், வேறு ஊற்றித் தந்துவிடுவார்கள். இது அவர்களிடம் உள்ள உண்மையான நல்ல குணம்.

இந்த பப்களின் மேலாளர்களிடம் கேட்பது ஒன்றுதான்: வார நாட்களில் பாதிக்கு மேற்பட்ட பம்ப்களின் கிளிப்பை, இன்று இல்லை என்று காட்ட, திருப்பி வையுங்கள். நாலு பம்ப் போதும், நாலும் புதிதாக இருக்கட்டும்.