மனம் என்ன தனியாகவா கிடக்கிறது?

எங்கள் ஊரில் நடந்த உளநலக் கூட்டத்தின் அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பகிர்ந்தவர்களில் பாதிப்பேர் என் நண்பர்கள்தான். பொதுநோக்கு மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், கையைத் தூக்கிச் சிரிக்கும் பெண்கள், மேலே "மகிழ்ச்சி உங்கள் தெரிவு" என்று பதாகை. இரண்டு மணித்தியாலம் பேசிவிட்டு ஏசி வாகனத்தில் திரும்பிப்போன அந்த ஐயாவைப் பற்றி எழுதுவதில்லை என்று மூன்று நாள் பொறுத்தேன். முடியவில்லை.

உளநலம் பற்றிப் பேச வந்தது நல்லது. மறுக்கவில்லை. ஆனால் மனம் என்ன தனியாகவா கிடக்கிறது, கழற்றித் தூசு தட்டித் திரும்பப் பூட்ட? அந்தக் கதிரைகளில் இருந்த எத்தனை பேருக்குக் கிழமைக்குக் கிழமை கட்டுகிற லோன் இருக்கிறது என்று அவர் கேட்டாரா? காலமை படலையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டவுடன் அடுப்படிக்குள் ஒளிக்கிற பெண்ணுக்கு நெஞ்சு படபடத்தால் அது 'எதிர்மறைச் சிந்தனை' இல்லை ஐயா. லோன்காரன் வந்திருக்கிறான்.

உலக சுகாதார நிறுவனம் 1948இல் தொடங்கும்போதே உடல், உளம், சமூகம் மூன்றையும் சேர்த்துத்தான் நலம் என்று தன் சாசனத்தில் எழுதி வைத்தது. எங்களிடம் வருகிறவர்களுக்கு மட்டும் நடுச்சொல்தான் கண்ணில் படுகிறது. 1990களின் நடுவில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகின் முன்வரிசையில் நின்றது. பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. சனம் எல்லாம் ஒரே நாளில் நேர்மறையாகச் சிந்திக்கத் தொடங்கியதாலா? கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. மனதுக்கு வெளியே செய்த வேலை அது.

"அவர் நல்ல மனதோடுதானே வந்தவர்?" வந்திருக்கட்டும்.

"எதற்கெடுத்தாலும் யுத்தத்தை இழுக்கிறீர்கள், யப்பான்காரன் எழும்பவில்லையா?" நான் இதுவரை யுத்தம் என்ற சொல்லையே எடுக்கவில்லை, லோனைப் பற்றித்தான் சொன்னேன். இழுத்தது நீங்கள்.

"அப்படியென்றால் மருந்தும் ஆலோசனையும் வேண்டாமா?" இதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். இங்கே இதுவரை சொல்லாத ஒன்று: நானும் ஏழு மாதம் குளிசை போட்டவள். கிளினிக் கொப்பியைப் பழைய பேப்பருக்குள் சுற்றி, பள்ளிக்கூடப் பையின் அடியில் வைத்துக்கொண்டு போவேன், தெரிந்த முகம் பஸ்ஸில் ஏறிவிடக் கூடாதே என்று. அந்த டொக்டர் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள், கடன் எவ்வளவு என்று கேட்டார். கடனைக் கேட்டபோதுதான் அழுதேன். குளிசை நித்திரையைத் தந்தது, உண்மை. நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது அக்கா சங்கிலியை விற்றுக் கடனைக் கட்டிய அன்று. (அக்கா இதை வாசித்தால் ஏசுவாள். ஏசட்டும்.) இரண்டும் தேவைப்பட்டது. ஆகவே தாங்க முடியாதவர்கள் கிளினிக்குக்குப் போங்கள், 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வெட்கப்பட்டு வீணாக்கிய மாதங்கள் போதும்.

சரி, யுத்தத்தை இழுத்துவிட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையில் இருப்பவ எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அம்மா. 2009இல் யுத்தம் முடிந்தபோது முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியில் மகனை இராணுவத்திடம் கையளித்தவ. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் வெயிலோடும் மழையோடும் இருந்தவ. மகனுக்குத் திவசம் செய்யவில்லை. செய்யச் சொல்லி ஐயரிடம் போனால் எந்தத் திதியைச் சொல்வது? இன்றைக்கும் இரவுச்சோற்றில் ஒரு பிடியை மூடிவைத்துவிட்டுத்தான் படுக்கிறா. அவவிடம் போய்த்தான் "கடந்ததை விடுங்கள்" என்று ஒலிவாங்கியில் சொல்லியிருக்கிறார்.

ஏன் அம்மா சிரிச்சனீங்கள் என்று கேட்டேன். "சொன்னவை, சிரிச்சன் பிள்ளை. வந்த மனுசனை அவமதிக்கிறதே?"

படத்தை எல்லாரும் பார்க்கினமாம் என்று பக்கத்து வீட்டுப் பெடியன் போனில் காட்டியிருக்கிறான். நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல், நின்றபடியே கேட்டா:

"அவன் எங்கையாவது இருந்து இதைப் பாத்தானெண்டால், அம்மா என்னை மறந்து சந்தோசமா இருக்கிறா எண்டு நினைக்கமாட்டானே?"

பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.