சுவிட்சை அடைத்தும் 80 வோல்ட்டா?
ஜார்ஜ்டவுன் கடைவீட்டில் மாடிப்படி விளக்கை அடைத்தும் ஹோல்டரில் 80 வோல்ட் காட்டுகிறது, ஆகவே வயர் கசிகிறது, வீடு முழுக்க மாற்றணும் என்கிறீர்களே அண்ணே, அவசரம் வேண்டாம். கசிவென்று முடிவுகட்ட மெகர் சோதனை (வயரின் மேலுறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் சோதனை) வேண்டும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம், அதாவது அது மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்கிற அளவுக்குப் பெரிது. பக்கத்திலேயே நீளமாக ஓடும் 230 வோல்ட் வயரிலிருந்து, துண்டித்துக் கிடக்கும் வயருக்குத் தொற்றும் துளி மின்சாரமே அந்த எண்ணைக் காட்டப் போதும். பழைய குண்டு பல்பை மாட்டி, அதோடு சேர்த்து அளந்தால் பொய் வோல்ட் சுழியத்துக்கு விழுந்துவிடும். (எல்இடி இதற்கு உதவாது, டெஸ்ட் பேனாவும் அப்படித்தான்.) பல்பு மாட்டியும் இறங்கவில்லையென்றால் கோளாறு நிஜம். அப்புறம், பல்பு மாட்டி, சுவிட்ச் அடைத்திருக்கும்போது ஹோல்டரின் இரண்டு முனையும் எர்த்துக்கு 230 காட்டினால், லைவ் வயரில் போட வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். பல்பு எரியாவிட்டாலும் கை வைத்தால் ஷாக்தான். மெயினை அடைத்துவிட்டு, பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.