2020-க்கு முன்பே தொடங்கியது

"சமூக அறிவியலில் கேள்வி கேட்கும் பழக்கம் 2020 கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் வந்தது, அதற்கு முன் வெறும் மனப்பாடம்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது தவறு.

2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே மனப்பாடத்திலிருந்து கற்றலை விடுவிப்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்தது. அதையொட்டி, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி கொண்டுவந்த அரசியல் அறிவியல் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு உன்னி, முன்னி ஞாபகம் இருக்கும். இரண்டு கேலிச்சித்திரப் பிள்ளைகள், பக்க ஓரத்தில் நின்றுகொண்டு பாடத்தையே குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பாடத்தின் நடுவே பத்திரிகை கார்ட்டூன்களும் வரும்.

சொல்லப்போனால் அந்தக் கார்ட்டூன்களால்தான் வம்பே வந்தது. 11ஆம் வகுப்புப் புத்தகத்தில் அம்பேத்கரை நத்தை மேல் அமர்த்திய, கார்ட்டூனிஸ்ட் சங்கரின் 1949 கார்ட்டூன் 2012-இல் நாடாளுமன்றத்தையே உலுக்கியது. அந்தப் புத்தகங்களின் தலைமை ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லக்ஷ்மண் கார்ட்டூனுக்குக் கலைஞரும் கண்டனம் தெரிவித்தார். அந்த எதிர்ப்புகள் நியாயமா என்பது வேறு விவாதம்.

சரி, வகுப்பறையில் மனப்பாடம் ஒழியவில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால், அதற்குக் காரணம் புத்தகத்தைவிட வினாத்தாள்தான்.